போறதுக்கு நீங்க, வாறதுக்கு யாரு? – தென்காசிச் சாலையில் வீடு மாற்றும் கூலியின் வரலாறு

தென்காசியில் எந்த வேன் ஸ்டாண்டிலும் போய், "வீட்டுச் சாமான் ஏத்தணும், கொல்லத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். தொகை உடனே வராது. பதிலுக்கு நாலைந்து கேள்விகள் வரும். என்னைக்கு? மாடி வீடா, தரையா? பீரோ எத்தனை? அங்க இறக்குறதுக்கு ஆள் உண்டுமா? எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி மட்டும் வராது. அது அவர்களுக்கே தெரியும். தெரிந்தாலும் அதை மட்டும் வைத்து அவர்கள் விலை சொல்வதில்லை.

நமக்கோ "கிலோமீட்டருக்கு இவ்வளவு" என்ற வாய்பாடு மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் வாய்பாடு எங்கிருந்து வந்தது, வண்டிக்காரர்களின் வாய்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. என் அனுமானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிக்காரர்களின் கணக்குதான் பழையது. நம்முடையது ரயில் கொடுத்தது. இடையில் ஒரு நூறு வருடம் மட்டும் செல்லுபடியானது.

தேடலுக்கு எடுத்துக்கொண்ட சாலை, இன்றைய தேசிய நெடுஞ்சாலை 744. கொல்லத்தில் தொடங்கி புனலூர், தென்மலை, ஆரியங்காவு, புளியரை, செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், ராஜபாளையம் வழியாகத் திருமங்கலத்தில் முடியும். மொத்தம் சுமார் 200 கி.மீ. பழைய ஆட்களுக்கு இது 208. இதில் கொல்லம் – தென்காசி பாதி, ஏறத்தாழ 100 கி.மீ., ஆராய்ச்சிக்கு அருமையான இடம். கட்டாயச் சுமை, சுங்கம், இரண்டு நாணயம், ஆறு, மலை, ரயில், மாநில எல்லை, சுமைத்தொழிலாளர் சங்கம் என்று கூலியை ஏற்றக்கூடிய சங்கதி எல்லாமே இந்த நூறு கிலோமீட்டரில் வரிசையாக வந்து போயிருக்கிறது.

ஒரு வீடு எத்தனை தலைச்சுமை?

முதலில் எடை. ஓர் ஆள் தலையில் வைத்து நாள் முழுக்க நடக்கக்கூடியது சுமார் 25 முதல் 30 கிலோ. பொதிமாடு ஒன்று நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே சுமக்கும். இரட்டை மாடு பூட்டிய பாரவண்டி, சாலையின் தரத்தைப் பொறுத்து அரை டன்னிலிருந்து ஒரு டன் வரை இழுக்கும். அந்தக் காலத்து அளவில் சொன்னால், சென்னை மாகாணத்தில் ஒரு மணங்கு 25 பவுண்டு, 20 மணங்கு ஒரு கண்டி, அதாவது 500 பவுண்டு. நல்ல சாலையில் ஒரு வண்டிக்கு மூன்று கண்டிக்கு மேல் ஏற்றலாம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2005-ல் டாடா நிறுவனம் ஏஸ் என்ற சிறிய சரக்கு வண்டியை விட்டது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. இன்ஜின். நம்மாட்கள் வைத்த பெயர் குட்டி யானை. அதன் அதிகாரபூர்வமான சுமை 750 கிலோ. கவனியுங்கள்: அது கிட்டத்தட்ட ஒரு பாரவண்டியின் சுமை. 25 அல்லது 30 தலைச்சுமை = ஆறேழு பொதிமாடு = ஒரு பாரவண்டி = ஒரு குட்டி யானை. கட்டில், பீரோ, பாத்திரம், துணி என்று ஒரு சிறு குடும்பத்தின் உடைமை அடங்குகிற அளவு அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றுதான்.

நேரம்தான் மாறியது. பாரவண்டி ஒரு நாளில் 20–25 கி.மீ. போகும். கொல்லத்திலிருந்து தென்காசிக்கு நாலைந்து நாள். குட்டி யானைக்கு மலைப்பாதையையும் சேர்த்து நாலு மணி நேரம் போதும். அப்படியானால் கூலியில் வழியின் பங்கு குறைந்து, ஏற்றி இறக்கும் கையின் பங்கு கூடியிருக்க வேண்டும். அதைத்தான் கடைசியில் பார்க்கப் போகிறோம்.

கூலியே இல்லாத சுமை

வண்டி வருவதற்கு முன்னால் மலைப்பாதைகளில் மனிதத் தலைதான் வாகனம். தமிழ்நாட்டுப் பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்காக, வழிப்போக்கன் தன் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம். அதன் உயரத்தைப் பாருங்கள்: இன்னொருவர் உதவி இல்லாமல், குனியாமல் தலைச்சுமையை இறக்கவும் திரும்ப ஏற்றவும் தோதான தோள் உயரம். ஏற்றி இறக்க ஆள் கிடைக்காததுதான் அன்றைக்கும் பிரச்சினை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் எல்லாச் சுமைக்கும் கூலி இருந்ததில்லை. அமஞ்சி என்று ஒரு சொல் நம் பக்கம் உண்டு. கூலியில்லாத கட்டாய வேலை என்று அர்த்தம். திருவிதாங்கூரில் இதன் பெயர் ஊழியம். அரசுப் பொருளையும் பயணம் போகும் அதிகாரியின் மூட்டை முடிச்சுகளையும் ஊர்விட்டு ஊர் சுமப்பது அதில் ஒரு பகுதி. சுமந்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த மிஷனரிகள் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

குற்றாலத்தையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் ஐரோப்பிய அதிகாரிகள் வெயிலுக்கு ஒதுங்கிய இடம் அது. பங்களாக்கள் எழுந்தன. திருவிதாங்கூர் அரண்மனைக்கும் அங்கே மாளிகை உண்டு. ஜூனில் சாரல் விழ ஆரம்பித்தால் படுக்கை, பாத்திரம், சமையல்காரர், குதிரை என்று ஒரு வீடே இடம் மாறும். சீசன் முடிந்தால் திரும்பும். அருவியைப் பாடியவர்கள் நிறைய. அந்தச் சாமானைச் சுமந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஒரு பயணத்தின் விலையைக் கேட்கும்போது, யாருடைய முதுகில் அது கணக்கில்லாமல் போனது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

1865: ஒரே வருடம், இரண்டு காகிதம்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு 8 கி.மீ. இருக்கலாம். ஆனால் 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர். தென்காசி பிரிட்டிஷ் சீமை, பிறகு சென்னை மாகாணம். சம்பந்தம் பேசி முடித்த இரண்டு வீடுகளுக்கு நடுவே நாட்டு எல்லை ஓடியது. எல்லை இருந்தால் சவுக்கை, அதாவது சுங்கச் சாவடி, இருக்கும். மூட்டையை அவிழ்க்கச் சொல்வார்கள்.

நாணயமும் வேறு. திருவிதாங்கூரில் 28 சக்கரம் ஒரு ரூபாய். அது அவர்கள் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28½ சக்கரம். தென்காசியில் வண்டி பேசிப் புனலூரில் கூலி வாங்கும் ஆள், எந்த ரூபாய் என்பதை முதலிலேயே பேசியாக வேண்டும். ரூபாய்க்கு அரைச் சக்கரம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். வருடம் முழுக்க இந்தப் பாதையில் ஓடுபவனுக்கு அது சின்ன விஷயம் கிடையாது.

1865-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, டி. மாதவராவ் திவானாக இருந்தபோது பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை. புகையிலை, உப்பு, அபினி மாதிரி சில பொருள்கள் நீங்கலாக, மற்றச் சரக்குகளுக்கு இடையிலிருந்த சுங்கத் தடைகள் பெரும்பாலும் விலகின. செங்கோட்டைப் பாதையில் போகிற வண்டிக்கு ஒரு செலவு குறைந்தது.

இன்னொன்று, இந்தியா முழுமைக்குமான சரக்கேற்றிகள் சட்டம், 1865-ன் மூன்றாவது சட்டம். இது ஒரு சுவாரஸ்யமான ஆவணம். கூலிக்குச் சரக்கு ஏற்றுகிறவர், சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ பொறுப்பு. சரக்குக்காரர் "இவர் கவனக்குறைவாக இருந்தார்" என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு. கடிகாரம், கண்ணாடி, பீங்கான், பட்டு, ஓவியம், சொத்துப் பத்திரம், இசைக்கருவி மாதிரி ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பொருள்களின் மதிப்பு 100 ரூபாய்க்கு மேல் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னால் அவர் கூடுதல் கூலி கேட்கலாம். சொல்லாவிட்டால் பொறுப்பில்லை.

வியாபாரச் சரக்கை மனதில் வைத்து எழுதிய சட்டம்தான். இருந்தாலும் அந்தப் பட்டியலைப் படித்தால், வீடு மாற்றும்போது நாம் எந்தெந்தப் பொருளுக்குப் பயப்படுவோமோ அதுவே வரிசையாக இருக்கிறது. கூலி என்பது இரண்டு பொருளுக்கான விலை: கொண்டுபோவதற்கு ஒன்று, பொறுப்புக்கு ஒன்று. இதைச் சட்டமே 150 வருடத்துக்கு முன்னால் பிரித்துச் சொல்லிவிட்டது.

பாலமும் ரயிலும்

அடுத்த தடை கல்லடையாறு. புனலூரில் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் அமைத்த தொங்குபாலம் 1877-ல் முடிந்தது. சுமார் 400 அடி நீளம். இன்றும் நிற்கிறது, நடந்து போகலாம். ஆற்றில் தண்ணீர் ஏறினால் வண்டி கரையில் காத்துக் கிடந்த நாள்களை அது கணக்கிலிருந்து எடுத்தது. காத்திருக்கும் நாளிலும் மாடு தின்னும், வண்டிக்காரன் தின்பான். ஆக, ஒரு பாலம் என்பது நேரடியாகக் கூலிக் குறைப்பு.

பிறகு ரயில். திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு 1902-ல், அங்கிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு 1903-ல், கொல்லம் – புனலூர் 1904 ஜூனில். மலையைக் குடைந்து, பள்ளத்தாக்கில் பதின்மூன்று கண் பாலம் கட்டி, செங்கோட்டையும் புனலூரும் 1904 நவம்பர் 26-ல் இணைந்தன. 1927-ல் விருதுநகரிலிருந்தும் தென்காசிக்குத் தண்டவாளம் வந்தது.

வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, விலை அச்சிட்ட தாளில் வந்தது. தூரம், எடை, சரக்கின் வகுப்பு: மூன்றும் தெரிந்தால் கட்டணம் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டர் உங்கள் முகத்தைப் பார்த்து விலை சொல்ல முடியாது. திரும்பும்போது வேகன் காலியாக வருமா என்பது உங்கள் கவலை இல்லை. அந்த நஷ்டத்தை ரயில் நிறுவனம் மொத்தப் பாதைக்கும் பரப்பி வசூலித்துக்கொள்ளும். பொறுப்புக்கும் தனி விலை இருந்தது. உரிமையாளர் பொறுப்பில் அனுப்பினால் ஒரு கட்டணம், ரயில்வே பொறுப்பில் அனுப்பினால் கூடுதல். 1890 ரயில்வே சட்டத்திலும் அதே 100 ரூபாய்ப் பட்டியல் இருந்தது.

நம் மண்டைக்குள் இருக்கிற கிலோமீட்டர் வாய்பாடு இங்கேதான் பிறந்தது. அது இன்னும் அரசாங்கக் காகிதத்தில் உயிரோடு இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் இடமாற்றத்துக்கு, ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017 ஜூலையிலிருந்து வந்த விகிதம் இது: நான்காம் நிலை வரை உள்ளவர்களுக்கு 1,500 கிலோ, சாலை வழியென்றால் கி.மீ.க்கு 15 ரூபாய். ஐந்தாம் நிலைக்கு 3,000 கிலோ, 25 ரூபாய். ஆறும் அதற்கு மேலும் 6,000 கிலோ, 50 ரூபாய். பஞ்சப்படி 50 சதவீதம் ஏறும்போது இது 25 சதவீதம் ஏறும். 6,000 கிலோ என்பது எதற்கு என்று பார்த்தால், ஒரு நாலு சக்கரச் சரக்கு வேகன் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். சாமான் லாரியில் போகிறது, விதி இன்னும் வேகனில் போகிறது.

2017-ல் வந்த அந்த 15 ரூபாய்க் கணக்கில், 100 கி.மீ. தள்ளி மாற்றலான கடைநிலை அஞ்சல் ஊழியருக்கு 1,500 ரூபாய் வந்தது. அதே ஆள் 600 கி.மீ. போனால் 9,000. குறைந்த தூரத்தில் ஏன் கையைக் கடிக்கிறது என்றால், ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் தூரத்தோடு குறைவதில்லை. பத்து கிலோமீட்டர் போனாலும் பீரோவை மாடியிலிருந்து இறக்கத்தானே வேண்டும்?

ரயில் போனது, பேரம் திரும்பி வந்தது

1956 நவம்பர் 1-ல் மாநில எல்லைகள் மாறின. செங்கோட்டைத் தாலுகாவின் கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்துக்கு, திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. ஒரு சட்டியைக்கூட நகர்த்தாமல் செங்கோட்டைக்காரர்கள் மாநிலம் மாறினார்கள். சாவடிகள் புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் நகர்ந்தன.

லாரி வந்தபின் வீட்டுச் சாமான் மெதுவாகத் தண்டவாளத்தை விட்டு இறங்கியது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. ரயிலில் அனுப்பினால் வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனில் வேகன், அங்கே இறக்கி மறுபடி வண்டி, மறுபடி வீடு என்று நாலு முறை கைமாறும். லாரியில் இரண்டே முறை. 2010-ல் அகலப்பாதை வேலைக்காகச் செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை மூடப்பட்டு 2018-ல்தான் முழுதாகத் திறந்தது. அந்த எட்டு வருடம் சாலைதான் எல்லாமும்.

சாலை வண்டிகளுக்குள்ளும் ஒரு திருப்பம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில், மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று ஒரு விலக்கு இருக்கிறது. குட்டி யானை சுமையோடு சேர்த்தும் அந்த வரம்புக்கு வெகு கீழே. ஓட்டுநரே சொந்தமாக வாங்கி ஸ்டாண்டில் போடக்கூடிய வண்டி. பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் மாதிரி ஊர்களில் வீடு மாற்ற வண்டி கிடைக்காமல் லாரி செட்டில் நின்ற காலம் அதோடு முடிந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகளும் போயின. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை என்று விதியிலேயே விலக்கு உண்டு. ஆக சுங்கம், இரண்டு நாணயம், ஆறு, பெர்மிட், சாவடி என்று ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது என்ன?

வாறதுக்கு யாரு குடுப்பா?

தென்காசி ஸ்டாண்டில் ஒரு வண்டிக்கார அண்ணாச்சியிடம் இதைக் கேட்டேன். "போறதுக்கு நீங்க குடுக்கிய சார். வாறதுக்கு யாரு குடுப்பா?" என்றார். அவ்வளவுதான். மொத்தக் கணக்கும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பாரவண்டிக் காலத்திலும் இதேதான். நாலு நாள் போனால் நாலு நாள் திரும்பணும். வண்டி காலியா வந்தாலும் மாடு தின்னத்தான் செய்யும். அதனால் இந்தக் கணவாயில் கிழக்கிலிருந்து அரிசியும் துணியும் போனால், மேற்கிலிருந்து பாக்கும் மிளகும் மரமும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். இரண்டு பக்கமும் சுமை கிடைத்தால் கூலி குறையும்.

இன்றைக்குச் சுமை பெரும்பாலும் ஒரே பக்கம். பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளின் காய்கறி கேரளத்துக்குப் போகிறது. புளியங்குடி எலுமிச்சை போகிறது. ஓணத்துக்கு முன்னால் பூவும் காயும் இன்னும் அதிகம். கிழக்கே திரும்பும் வண்டிகளில் பல காலி. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எண்கள் என் உத்தேசம். வாய்பாட்டைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஊர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தென்காசி – கொல்லம் 100 கி.மீ., போகவர 200. லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் 93 ரூபாய் என்றால் எரிபொருள் 1,240. தவணை, டயர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் கி.மீ.க்கு 6 வீதம் 1,200. ஓட்டுநருக்கு 800. உரிமையாளர் லாபம் 800. மொத்தம் 4,040. இது நீங்கள் தென்காசியிலிருந்து கொல்லம் போனால்.

இப்போது திருப்பிப் போடுங்கள். கொல்லத்திலிருந்து தென்காசிக்குக் குடிவருகிறீர்கள். காய்கறி இறக்கிவிட்டு வரும் வண்டிக்குப் போகவரச் செலவைக் காய்கறி வியாபாரி ஏற்கெனவே கொடுத்துவிட்டார். உங்கள் சாமானால் வண்டிக்காரருக்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம் டீசல், சில மணி நேரம். 1,500 – 2,000 கிடைத்தாலே அவருக்கு லாபம். அதே சாலை, அதே தூரம், அதே 750 கிலோ. விலை பாதி.

2022-ல் நான் சென்னையிலிருந்து இந்தப் பக்கம் வீட்டை மாற்றியபோது ஒரே பட்டியலைக் கொடுத்து மூன்று இடங்களில் விலை கேட்டேன். கூடியதும் குறைந்ததும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தள்ளி நின்றன. குறைந்த விலை சொன்னவர், சென்னையில் லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்ப இருந்தவர். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: கிளம்பும் நாள் அவர் இஷ்டம். ரிட்டன் லோடின் விலை அதுதான். பணத்தில் மிச்சம், நாளில் செலவு.

கையும் மாதமும்

தூரம் சுருங்கச் சுருங்கக் கையின் விலை மேலே வருகிறது என்று முதலில் சொன்னேன். இந்தச் சாலையில் அது எல்லை தாண்டினால் சட்டமாகவே இருக்கிறது. கேரளத்தில் 1978-ல் சுமைத்தொழிலாளர் சட்டம் வந்தது. முதுகு ஒடியச் சுமந்தவர்களுக்குக் கூலியும் நலநிதியும் கிடைக்கச் செய்த சட்டம். அமஞ்சிச் சுமையை நினைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும். அதன் நிழலில் வளர்ந்த கெட்ட வழக்கம்தான் நோக்குகூலி: நீங்களே இறக்கினாலும், நின்று பார்த்ததற்குக் கூலி. 2018 மே 1 முதல் கேரள அரசு அதைத் தடைசெய்தது. சொந்த வீட்டுத் தேவைக்கு ஒருவர் அமர்த்தும் ஆள் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வர மாட்டார். கொல்லம் பக்கம் குடிபோகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, இறக்குக்கூலியை முன்கூட்டியே அந்த ஊர் ஆட்களிடம் பேசிவிடுவது நல்லது. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் ராத்திரி பத்து மணிக்கு நடுத்தெருவில் நின்று சட்டம் பேச முடியாது.

அப்புறம் மாதம். "ஆனி அடி கோலாதே, கூனி குடி போகாதே" என்பார்கள். கூனி என்றால் பங்குனி. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் மே கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாற்றுவார்கள். வளர்பிறை முகூர்த்தம் என்றால் இன்னும் நெருக்கடி. ஜூன் தொடங்கினால் குற்றாலச் சாரல் தென்காசி, செங்கோட்டை வரை தூறும். தார்ப்பாய் இல்லாத வண்டியில் மெத்தையை ஏற்றக் கூடாது. நம்பிக்கையை மீற முடியாதவர்களுக்கு ஒரு வழி: நல்ல நாளில் உப்பு, மஞ்சள், நிறைகுடம், சாமி படம் நாலையும் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிடுங்கள். பீரோ அடுத்த வாரம் ரிட்டன் வண்டியில் வரட்டும். பீரோவுக்கு முகூர்த்தம் பார்க்கச் சொல்லி எந்தச் சாஸ்திரமும் எனக்குத் தட்டுப்படவில்லை.

யாரும் விலை பேசாத ஒன்று

1865 சட்டம் 2011 வரை நடைமுறையில் இருந்தது. பிறகு 2007-ஆம் வருடத்துச் சாலைவழிச் சரக்கேற்றுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. அதன் விதிப்படி, தனியாக அதிகப் பொறுப்புக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், இழப்பீடு நீங்கள் கொடுத்த கூலியின் பத்து மடங்குக்கு மேல் போகாது. 4,000 ரூபாய் கூலி என்றால் 40,000. அதற்கும் ரசீது வேண்டும், பொருளும் மதிப்பும் எழுதிய சீட்டு வேண்டும். ஸ்டாண்டில் வாய்வார்த்தையாகப் பேசி ஏற்றும் குட்டி யானையில் இதில் எதுவும் இருப்பதில்லை. ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சொன்ன விலை கொண்டுபோவதற்கு மட்டும். பொறுப்புக்கான விலையை நாம் கேட்கவே இல்லை.

குறைந்த விலைக்கு ஓடும் சாலையில் பொறுப்பு என்ற பாகம் சத்தமில்லாமல் வீட்டுக்காரர் தலைக்கு மாறிவிட்டது என்பதுதான் இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த முடிவு. தாங்க முடியாதவர்கள் தலையில்தான் அது கடைசியில் விழுகிறது. வீட்டுக்காரர் செத்தபின் மகன் வீட்டுக்குப் போகும் அம்மாவுக்கு ஒரு தையல் மெஷினும் ஃபிரிட்ஜும்தான் சொத்து.

ஆகவே விலை பேசும்போது நாலையும் தனித்தனியாகக் கேளுங்கள்: வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, உடைந்தால் என்ன. பத்திரம், நகை, சான்றிதழ் கையில் வரட்டும். சாமானை ஏற்றும்முன் போனில் படம் எடுத்து, பட்டியலை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அரைப்பக்கத் தாள்தான், சண்டை வந்தால் பேசுவதற்கு அந்த அரைப்பக்கமாவது இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பாதையின் ரயில் கட்டணமும் சட்டமும் அச்சில் கிடைக்கும். வண்டிக்கூலி வீட்டுக் கணக்கு நோட்டில்தான் இருக்கும். "செங்கோட்டை வண்டிக்கூலி", "சாமான் இறக்கிய வகைக்கு" என்று தாத்தா எழுதிய வரிகள் உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். அடுத்த முறை வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிற முதல் சாமானும் அந்த நோட்டுதான். போடும்முன் ஒரு தடவை புரட்டிப் பார்த்து, படம் எடுத்து வையுங்கள்.